பீங்கான் ஊரில் ஒரு பழைய பல்சர்!

சுட்டா கெட்டியாகுறது மண். சுட்டா கெட்டுப்போறது ரப்பர். விருத்தாசலம் போனா ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துட்டு வரலாம்!

விருத்தாசலம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வைகையிலயோ பல்லவன்லயோ திருச்சிப் பக்கம் போறவங்களுக்கு அது ஒரு ஜங்ஷன். வண்டி நின்னதும் இறங்கி வாட்டர் பாட்டில் வாங்கிட்டு ஓடி வந்து ஏறிக்கிற ஊர். அரசியல் பேசுற நண்பர்களுக்கு 2006 தேர்தல்ல விஜயகாந்த் முதல்முறையா எம்.எல்.ஏ. ஆன தொகுதி. பக்திமான்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில். ஆனா நம்மள மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கு இந்த ஊர் ஒரு திறந்தவெளி லேப் பாஸ்! மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல அரியர் வச்சிருக்கிறவங்க ஒரு நாள் இங்க சுத்தினா போதும், பாதி சிலபஸ் கண்ணு முன்னாடியே ஓடும்.

முதல்ல பேரைப் பாருங்க. 'விருத்தம்'னா பழமை. 'அசலம்'னா மலை. தேவாரம் பாடினவங்க திருமுதுகுன்றம்னு சொன்னாங்க, பழமலைன்னும் ஒரு பேர் உண்டு. எப்படிச் சொன்னாலும் அர்த்தம் ஒண்ணுதான்... வயசான குன்று. பழசுக்கு மரியாதை கொடுத்துப் பேர் வச்ச ஊருக்கு, நானும் ஒரு பழசுலதான் போனேன். பெரியப்பா பையன் ஓட்டி முடிச்சு என் கைக்கு வந்த 2012 மாடல் பல்சர் 220!

போற வழி

சென்னையிலிருந்து ரயில்னா எழும்பூர்ல ஏறி விழுப்புரம் தாண்டினா அடுத்த பெரிய ஸ்டேஷன். சுமார் 210 கிலோமீட்டர். விழுப்புரத்துல இருந்து நேரா திருச்சிக்கு ஓடுற கார்டு லைனும், சேலம் - கடலூர் லைனும் குறுக்கே சந்திக்கிற இடம் இதுதான். பைக்னா திருச்சி ஹைவேயில உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்து, இடது பக்கம் திரும்பி மங்கலம்பேட்டை வழியா இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வழியெல்லாம் முந்திரித் தோப்பும் கரும்பும். ரோட்டுல உங்களுக்குத் துணையா வர்றது கரும்பு டிராக்டர், அரியலூர் சிமென்ட் லாரி, நெய்வேலிப் பக்கம் போற டிப்பர். மே மாசம் மட்டும் தவிர்த்துடுங்க. அந்த வெயில்ல நம்ம தலையும் எஞ்சின் ஹெட்டும் ஒரே சூட்டுலதான் இருக்கும்!

மண்ணுக்கு வேலை கிடைச்ச ஊர்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் எப்படி வந்தது? காரணம் காலுக்குக் கீழேயே இருக்கு. பக்கத்துல நெய்வேலி. 1956-ல் ஆரம்பிச்ச நிலக்கரி நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக மேல் மண்ணைத் தோண்டி எடுக்குது. அந்த மேல் மண்ணுல பீங்கானுக்கு ஏத்த களிமண்ணும் வருது. நிலக்கரிக்காரங்களுக்கு அது வழியில கிடக்குற இடைஞ்சல், பீங்கான்காரங்களுக்கு அதுதான் மூலதனம்.

அரசாங்கமும் இங்க செராமிக் தொழிற்பேட்டை அமைச்சது. தமிழ்நாடு செராமிக்ஸ் லிமிடெட், சுருக்கமா 'டாசெல்'னு ஒரு அரசு நிறுவனமும் இங்க இயங்கி, பின்னாடி மூடப்பட்டது. சின்னச் சின்ன யூனிட்டுகள் மட்டும் தொடர்ந்து ஓடிட்டு இருக்கு. சாமி பொம்மை, கொலு பொம்மை, அகல் விளக்கு, கரன்ட் கம்பியில மாட்டுற இன்சுலேட்டர், வீட்டு மீட்டர் பெட்டியில இருக்குமே வெள்ளையா ஃபியூஸ் கேரியர்... இதெல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. "பீஸ் போயிடுச்சு"ன்னு பாட்டி கத்தினதும் ஸ்டூல் போட்டு ஏறி நாம பிடுங்கின அந்தப் பீங்கான் கட்டை இந்த ஊர்லயே பொறந்ததா இருக்கலாம். இன்னிக்குப் புது வீடுகள்ல எம்.சி.பி. வந்துட்டதால அந்தக் கட்டைக்கு மவுசு குறைஞ்சிடுச்சுங்கிறது வேற கதை.

ஒரு யூனிட்டுல பர்மிஷன் கேட்டு உள்ளே போய்ப் பாருங்க. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூணையும் தண்ணியோட நைஸா அரைச்சுக் கரைக்கிறாங்க. இட்லி மாவு பதம்னு நினைச்சுக்கோங்க. கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் சேர்த்தா தண்ணி அதிகம் ஊத்தாமலே அந்தக் கரைசல் சரசரன்னு ஓடுது. அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துறாங்க. பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச அச்சோட உள்பக்கச் சுவர்ல மண் தோசை மாதிரி படியுது. போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவுத்து வெளியே ஊத்திடுறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அச்சைப் பிரிச்சா... உள்ளே பிள்ளையார்!

நான் போன இடத்துல ஒரு அக்கா ஈர ஸ்பாஞ்சை வச்சு வரிசையா பிள்ளையார் காதைத் துடைச்சுட்டு இருந்தாங்க. அச்சு சேர்ந்த இடத்துல இருக்கிற கோட்டை அழிக்கிற வேலை. ஒண்ணைக் கையில எடுக்கப் போனேன். "தொடாத தம்பி, பச்சை மண்ணு. கைரேகை விழுந்துடும்"னாங்க. இந்தப் பச்சை மண்ணைத் தண்ணியில போட்டா மறுபடி சேறு. ஆனா சூளைக்குள்ள போய் 500, 600 டிகிரியைத் தாண்டிட்டா களிமண்ணோட அமைப்புக்குள்ளேயே பிணைஞ்சிருக்கிற தண்ணி வெளியேறிடும். அதுக்கப்புறம் நூறு வருஷம் ஊற வச்சாலும் அது சேறு ஆகாது. 1200 டிகிரி பக்கம் போனா ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகி, இண்டு இடுக்கெல்லாம் ஓடி அடைச்சுக்கும். அதான் பீங்கானைத் தட்டினா 'டிங்'னு சத்தம். தண்ணியும் கரன்ட்டும் உள்ளே புகாது.

மண் சூட்டுல படிச்சு முன்னுக்கு வந்த புள்ளை. இதை மனசுல வச்சுக்கிட்டு என் பைக்குக்கு வாங்க.

சூட்டுல படிச்சு உருப்படாத புள்ளை!

தொழிற்பேட்டையிலிருந்து வெளியே வந்து வண்டியை எடுக்குறப்ப, எஞ்சினுக்கு முன்னாடி புழுதி கெட்டியா அப்பி கறுப்பா இருந்தது. மத்த இடத்துல புழுதி காஞ்சிருக்கு, அங்க மட்டும் ஈரம். ரோட்டோரமா இருந்த ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டிட்டுப் போனேன். மெக்கானிக் அண்ணன் துணியால துடைச்சு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டார். துடைச்ச இடத்துல வேர்வை மாதிரி எண்ணெய் முத்து முத்தா கோத்துக்கிட்டு நின்னது.

"ஆயில் கூலர் ஹோஸ் தம்பி. வயசாயிடுச்சு."

பல்சர் 220 வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். முன்னாடி குட்டியா ஒரு ரேடியேட்டர் மாதிரி இருக்கும். உள்ளே ஓடுறது தண்ணி இல்ல, எஞ்சின் ஆயில். 2007-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்து, 2009-ல் கார்புரேட்டரோடு பாப்புலரான வண்டி இது. 2022-ல் நிறுத்தி, 2023-ல் மறுபடி கொண்டு வந்தாங்க. ஆயில் கூலர் இதுக்கு மட்டும் சொந்தம் இல்ல. 2007-ல் வந்த பல்சர் 200, 2009-ல் வந்த கரிஷ்மா இசட்.எம்.ஆர்., 2016-ல் வந்த ஹிமாலயன்னு பல வண்டிகள்ல உண்டு. இதுல பலதும் இன்னிக்கு செகண்ட் ஹேண்ட்லயோ, அண்ணன் கையிலிருந்தோதான் காலேஜ் பார்க்கிங்குக்கு வருது.

எஞ்சின் ஆயிலுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, இரும்பும் இரும்பும் உரசாம வழுக்க வைக்கிறது. இன்னொண்ணு, சூட்டைச் சுமந்துட்டு வர்றது. சூடு ஏற ஏற ஆயில் தண்ணி மாதிரி இளகிடும். தோசைக்கல்லுல ஊத்தின எண்ணெய் எப்படி ஓடுதுன்னு பார்த்திருப்பீங்களே, அதேதான். ரொம்ப இளகினா பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல நிக்க வேண்டிய மெல்லிய படலம் கிழிஞ்சிடும். அதனால பம்ப் ஆயிலை ஒரு ஹோஸ் வழியா கூலருக்குத் தள்ளுது. எதிர்காத்துல சூடு குறைஞ்சு இன்னொரு ஹோஸ் வழியா எஞ்சினுக்குத் திரும்புது.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. அதே எஞ்சினுக்குள்ள ஸ்பார்க் பிளக் இருக்கு. அதுல வெள்ளையா தெரியுறது அலுமினா பீங்கான். சுமார் 1600 டிகிரியில சுட்டு எடுத்தது. பிளக்கோட முனை 500-லிருந்து 850 டிகிரி வரைக்கும் சூட்டுல உட்கார்ந்து வேலை பார்க்குது, அசர்றதில்ல. ஒரு முழம் தள்ளி இருக்கிற ரப்பர் ஹோஸ் பார்க்கிறது 100, 120 டிகிரி மட்டும்தான். ஆனா முதல்ல செத்துப்போறது அதுதான்!

ஏன்? மண்ணை இறுக்குற அதே சூடு ரப்பரையும் இறுக்குது. ரப்பரோட உயிரே அதோட நெளிவுதான். நீளமான சங்கிலி மாதிரி மூலக்கூறுகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டு இருந்தா அது ரப்பர். சூட்டுலயும் காத்துல இருக்கிற ஆக்சிஜன்லயும் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவுல புதுசு புதுசா முடிச்சு விழும். மிருதுவா வச்சிருக்கச் சேர்த்த எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போயிடும். ஹோஸ் கட்டையாகும். அதோட எஞ்சின் அதிர்ந்துக்கிட்டே வேற இருக்கு. வளையத் தெரியாதது அதிர்ந்தா என்ன ஆகும்? வளைவுலயும் முனையிலயும் மெல்லிசா வெடிப்பு விழும்.

என்ன பெரிய விஷயம், ஒரு சொட்டு ஆயில்தானே?

நானும் இதைத்தான் கேட்டேன். "அண்ணே, இப்படியே ஊர் போய்ச் சேர்ந்துடலாமா?"

அண்ணன் பதில் சொல்லாம பின் டயருக்குக் கூட்டிட்டுப் போனார். டயரோட ஓரத்துல விரலை வச்சு இழுத்துக் காட்டினார். விரல் பளபளன்னு வந்தது. முன்னாடி கசியுற எண்ணெய் காத்துல பறந்து எங்க போகும்? பின்னாடிதான். நேரா போறப்ப தெரியாது. ஒரு வளைவுல வண்டியைச் சாய்ச்சதும் அந்த ஓரம்தான் ரோட்டைத் தொடும். பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பனோட சேர்த்து ரெண்டு பேரையும் அது படுக்க வச்சிடும்.

இது ஒரு ஆபத்து. ரெண்டாவது, ஹோஸ் ஒரேயடியா பிய்ச்சுக்கிட்டா பம்ப் தன் வேலையை நிறுத்தாது. இருக்கிற ஒரு லிட்டர் சொச்ச ஆயிலையும் ரோட்டுல கொட்டிடும். எஞ்சின் சீஸ். ஓடுற வேகத்துல பிடிச்சா பின் சக்கரம் லாக் ஆகவும் வாய்ப்பு இருக்கு. ஒரு ஹோஸுக்குச் செலவு பண்ண யோசிச்சவங்க அப்புறம் போர், பிஸ்டன், கிராங்க்னு அப்பாகிட்ட லிஸ்ட் நீட்டணும். அப்பா என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும்!

டேஷ்போர்டுல லைட் எரியும், அப்பப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. இன்னிக்கு சாயந்திரமே பார்க்கிங்ல இதைச் செய்ங்க.

- ஆறின எஞ்சின்ல ரெண்டு ஹோஸையும் விரலால அழுத்துங்க. நெளியணும். பிளாஸ்டிக் பைப் மாதிரி விறைப்பா இருந்தா வயசாச்சு.
- வளைவு இருக்கிற இடத்துல லேசா வளைச்சுப் பாருங்க. நரம்பு நரம்பா வெடிப்பு தெரியுதா?
- ரப்பரும் உலோகக் குழாயும் சேர்ற இடத்துல ஒரு பட்டி நசுக்கிப் பிடிச்சிருக்கும். அங்க ஈரப் புழுதி இருக்கா? முக்கால்வாசி ஹோஸ் அங்கதான் முதல்ல கசியும்.
- எங்கயாவது உப்பியிருந்தா உள்ளே இருக்கிற நூல் அடுக்கு அறுந்துடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே மாத்துங்க.
- ராத்திரி எஞ்சினுக்கு அடியில ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு வைங்க. காலையில அதுல வட்டம் இருந்தா அதுதான் தலைப்புச் செய்தி!

ஒட்டுப் போட வேண்டாம் மச்சி

நம்ம ஊர்ல ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ஐடியா இருக்கும். எம்-சீல் அப்புறது, கசியுற பட்டி மேல கிளிப் போட்டு முறுக்குறது, பெட்ரோல் டியூபை வெட்டி மாட்டுறது... எதுவும் தாங்காது. பெட்ரோல் டியூப் சூடான ஆயிலுக்காகவும் பம்ப் அழுத்தத்துக்காகவும் செஞ்சது இல்ல. பட்டி மேல கிளிப் போட்டா உள்ளே காஞ்ச ரப்பர் இன்னும் சீக்கிரம் கிழியும்.

விருத்தாசலம் மாதிரி ஊர்கள்ல இன்னொரு வழியும் உண்டு. டிராக்டர், ஜே.சி.பி., அறுவடை மெஷினுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அளவுக்கு வெட்டி, ரெண்டு முனையையும் மெஷின்ல நசுக்கிக் கொடுக்கிற கடைகள். வேலை சுத்தமா இருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க. அங்க சாதாரணமா கிடைக்கிற ஹைட்ராலிக் ஹோஸ் (எஸ்.ஏ.இ. 100 ஆர்1 வகை) அழுத்தத்துல கில்லாடி. சூட்டுக்கு அதோட எல்லை பொதுவா 100 டிகிரி. நம்ம ஆயில் அதைத் தாண்டும். அதனால அங்க செய்யச் சொன்னா "எத்தனை பிரஷர் தாங்கும்?"னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. "எத்தனை டிகிரி தாங்கும்?"னும் கேளுங்க. ஹோஸ் மேலேயே அச்சடிச்சிருக்கிற வகையைப் படிச்சுப் பாருங்க. உங்க மாடலுக்கான ஒரிஜினல் ஹோஸ் கிடைச்சா அதுதான் நிம்மதி.

என் வண்டிக்கான ஹோஸ் உள்ளூர்ல ஸ்டாக் இல்ல. மறுநாள் காலையில பஸ் பார்சல்ல வந்தது. வந்ததும் அண்ணன் செஞ்ச வேலையை வரிசையா சொல்றேன். நீங்களே செய்யணும்னு இல்ல. பக்கத்துல நின்னு சரியா நடக்குதான்னு பார்க்கவாவது உதவும்.

1. எஞ்சின் நல்லா ஆறணும். சுடச்சுட ஆயில் கையில பட்டா கொப்புளம்தான்.
2. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயிலை ஒரு தட்டுல முழுசா வடிக்கணும்.
3. பழைய ஹோஸ் எந்த வழியா போகுதுன்னு செல்போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கணும். இது என் வேலை!
4. கழட்டுறப்ப ரெண்டு ஸ்பேனர். ஒண்ணு கூலரோட கழுத்தை அசையாம பிடிக்க, இன்னொண்ணு நட்டைத் திருப்ப. கூலர் அலுமினியம். ஒரே ஸ்பேனரால முறுக்கினா கழுத்து திருகிடும். ஹோஸ் வாங்கப் போய் கூலர் வாங்கின கதை ஆயிடும்.
5. கூலர் உள்ளே கசடு இருக்கான்னு பார்க்கணும். பழைய ஹோஸோட உள்தோல் உரிஞ்சு துணுக்கா போயிருந்தா கூலரை டீசல் விட்டு அலசி, காத்து அடிச்சுச் சுத்தமாக்கணும். வெளியே துடுப்புகளுக்கு நடுவுல இருக்கிற சேறும் பூச்சியும் மிருதுவான பிரஷ்ஷால போகணும்.
6. புது ஹோஸ், புது வாஷர் அல்லது ஓ-ரிங். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கின வாஷர். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க அதையே போட்டா மறுபடி கசியும்.
7. ரெண்டு ஹோஸையும் ஒரே சமயத்துல மாத்திடணும். ரெண்டும் ஒரே வயசு, ஒரே சூடு. ஒண்ணு போனா இன்னொண்ணு க்யூவுல நிக்குதுன்னு அர்த்தம்.
8. பழைய வழியிலேயே போகணும். சைலன்சர் பைப்பைத் தொடக்கூடாது, எதிலயும் உரசக்கூடாது. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி எங்கயாவது இழுக்குதான்னு பார்க்கணும்.
9. மேனுவல் சொன்ன கிரேடு ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓட விட்டு அணைச்சு, ஆயில் லெவலைத் திரும்பப் பார்க்கணும். காலியா இருந்த கூலரும் ஹோஸும் கொஞ்சம் குடிச்சிருக்கும். குறைஞ்சதை ஊத்தணும்.
10. பின் டயரையும் டிஸ்க்கையும் சுத்தமா துடைச்சு, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி ஒரு பார்வை.

கூடவே ஒரு டிப்ஸ். சூடான எஞ்சின் மேலயோ கூலர் மேலயோ பச்சைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. சூளையைச் சூடு ஆறுறதுக்கு முன்னாடி திறந்தா உள்ளே இருக்கிற பொம்மை 'பட்'னு விரிசல் விடும். ஒரு பக்கம் சுருங்கி இன்னொரு பக்கம் சுருங்காம நிக்கிறதுதான் காரணம். உலோகம் பீங்கான் அளவுக்கு ரோஷக்காரன் இல்ல. ஆனாலும் வயசான வண்டியோட பொறுமையைச் சோதிக்காதீங்க!

வடிச்ச ஆயில் எங்கே போகுது?

இந்தக் கேள்வியை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் தயங்காம கேளுங்க. பழைய எஞ்சின் ஆயில் 2016-ம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவுகள் பட்டியல்ல வருது. அதை முறையா சேகரிச்சு, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்க கைக்குப் போகணும். சாக்கடையில கொட்டினா அது எங்க போகும்? இந்த ஊர்ல சாக்கடைக்கு அந்தப் பக்கம் மணிமுத்தாறு. தண்ணி இல்லாத நாள்ல வெறும் மணலாத்தான் தெரியும். அந்த மணலுக்குக் கீழே ஊர் குடிக்கிற தண்ணி இருக்கு. இந்த அண்ணன் கடையில ஒரு பேரல் வச்சிருந்தார். மூடி போட்டிருந்தது. பார்க்கவே சந்தோஷமா இருந்தது.

மணிமுத்தாறுன்னதும் அந்தப் புராணக் கதை ஞாபகம் வருது. சுந்தரர் இங்க பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, இந்த ஆத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்தாராம். 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடின கதை'ன்னு நாம சொல்றோமே, அது இங்க ஆரம்பிச்சதுதான். அதுலயும் சுந்தரர் கெட்டிக்காரர். பொன்னை ஆத்துல போடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டு சாம்பிள் வெட்டிக் கையில வச்சுக்கிட்டாராம். குளத்துல எடுத்ததும் உரசிப் பார்க்க! குவாலிட்டி கன்ட்ரோலுக்கு இதைவிடப் பழைய உதாரணம் உங்க புரொஃபசருக்கே தெரியுமா?

ஹோஸ் வர்ற வரைக்கும்...

காத்திருக்க ஒரு சாயங்காலம் கிடைச்சா விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. இங்க எல்லாமே அஞ்சுன்னு சொல்வாங்க. அஞ்சு கோபுரம், அஞ்சு நந்தி, அஞ்சு பிள்ளையார்... எண்ணிப் பார்த்துக்கிட்டே சுத்தலாம். தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்கிற ஆழத்துப் பிள்ளையாரை விட்டுடாதீங்க. வெளியே வெயில் கொளுத்துறப்ப அங்க மட்டும் குளுகுளுன்னு இருக்கும்.

ஊருக்கு வெளியே மணவாளநல்லூர்ல கொளஞ்சியப்பர் கோயில். முருகன்தான், ஆனா வேலும் மயிலுமா சிலை கிடையாது, ஒரு கல் வடிவம். இங்க விசேஷம் 'பிராது' கட்டுறது. பொருள் தொலைஞ்சுது, கொடுத்த கடன் வரல, வேலை கிடைக்கலன்னு மனக்குறையைக் காகிதத்துல மனுவா எழுதிக் கட்டுறாங்க. நம்பிக்கை இருக்கிறவங்க நம்பட்டும். எனக்குப் பிடிச்சது என்னன்னா, குறையை மனசுக்குள்ளேயே வச்சுப் புழுங்காம தெளிவா எழுதி நீட்டுற பழக்கம். என்ன பிரச்னை, எப்பலேருந்து, யார்கிட்ட... பிராது எழுதுற மாதிரி மெக்கானிக்கிட்ட பேசினா பாதி ரிப்பேர் அங்கேயே முடிஞ்சிடும்!

கிளம்புறதுக்கு முன்னாடி முந்திரி வாங்கிக்கோங்க. இந்த ஊர்ல முந்திரி ஆராய்ச்சி நிலையமே இருக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்களோட பேர் இந்த ஊர்ப் பேர்லேருந்து வந்ததுதான். அம்மாவுக்குப் பீங்கான் அகல் விளக்கு ஒரு டஜன் வாங்குங்க. வாங்குறப்ப தட்டிப் பாருங்க. 'டிங்'னா நல்லா வெந்தது. 'டப்'னா எங்கயோ விரிசல்.

ப்ளஸ் டூ தம்பி தங்கைகளுக்கு...

உங்க வீட்டுல யாராவது "எந்த கோர்ஸ் எடுக்கலாம்?"னு குழம்பிட்டு இருந்தா, விருத்தாசலத்துல அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்குன்னு சொல்லுங்க. செராமிக் டெக்னாலஜியில டிப்ளமோ. பீங்கான்னா கப்பும் சாசரும் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. இரும்பு உருக்குற உலைக்குள்ள பதிக்கிற செங்கல், சிமென்ட் சூளையோட உள்பூச்சு, டைல்ஸ், சானிட்டரிவேர், ஹைவோல்டேஜ் இன்சுலேட்டர், ஸ்பார்க் பிளக்... சூடு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இவங்க தேவை.

ஆனா இந்த ஊர்ச் சின்ன யூனிட்டுகளோட கஷ்டத்தையும் சொல்லணும். டைல்ஸ்ல குஜராத் மோர்பி, பாத்திரத்துல உத்தரப்பிரதேசம் குர்ஜான்னு போட்டி பெருசு. சூளைக்கு எரிபொருள் செலவு தலைக்கு மேல. ஒரு சூளை சரியா வேகலன்னா பல நாள் உழைப்பு மொத்தமும் போச்சு. சுட்ட பீங்கானை மறுபடி அரைச்சுக் களிமண்ணாக்க முடியாதே! அந்த யூனிட்டுல இருந்த பெரியவர், "சூளையை மூடிட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லப்பா. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பார்த்துடணும்"னார்.

வண்டிக்கும் அதே கணக்குதான் நண்பர்களே. சூட்டுல எது பலமாகும், எது பலவீனமாகும்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் இன்ஜினீயரிங். பீங்கானைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், அது நம்ம பேரன் காலம் வரைக்கும் இருக்கும். ரப்பரைக் கவனிங்க. ஹோஸ், பெட்ரோல் டியூப், பிரேக் பைப், டயர்... எல்லாத்துக்கும் வயசு உண்டு. ஓடாம ஷெட்டுல நின்னாலும் அதுக்கு வயசாகும். அண்ணன் கொடுத்த வண்டியோ, ஓ.எல்.எக்ஸ்.ல பிடிச்ச வண்டியோ, அடுத்த லாங் ட்ரிப் போடுறதுக்கு முன்னாடி குனிஞ்சு ஒரு தடவை அழுத்திப் பார்த்துடுங்க. நெளிஞ்சா கிளம்புங்க. விறைச்சு நின்னா முதல்ல ஒர்க்‌ஷாப், அப்புறம்தான் ட்ரிப்!